வேதசாட்சியின் முழங்கால்

காலை ஆறு மணிக்குக் குருநகர் ஒழுங்கையில் சுறா எண்ணெய் மணம் வந்தால், அடைக்கலநாதன் முழங்காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார் என்று அர்த்தம். கோயில் மணி பிந்தினாலும் அந்த மணம் பிந்தாது. "வலது பக்கம் இன்னும் ரெண்டு சொட்டு" என்பார். மனைவி மக்டலீன் எண்ணெயோடு நாலு ஏச்சையும் சேர்த்து உருவிவிடுவார்.

சண்டையால் கடலுக்குத் தடை வந்ததிலிருந்து அவர் கரையில் இருந்து கிழிந்த வலை பொத்துகிறார். ஆனால் தொழில் என்னவென்று கேட்டால் சாவது என்றுதான் சொல்வார். கிறிஸ்தவ வேதத்துக்கு வந்த குற்றத்துக்காக அந்தக்கால ராசா மன்னாரில் வெட்டுவித்த சனங்களைப் பற்றிய கூத்தில், பத்தொன்பது வருடமாக அவர்தான் வெட்டுப்பட்டுச் சாகிற வேதசாட்சி. தலை விழுந்த பிறகும் ஒரு விருத்தம் பாடுவார். அதை நிறுத்தச் சொன்ன பங்குச் சுவாமியிடம், "சுவாமி, உயிர் என்ன உடனை போற சாமானே?" என்று கேட்டார். பாடி முடித்து, ஒற்றைக் கண்ணைத் திறந்து, எத்தனை பேர் அழுகிறார்கள் என்று பார்த்துவிட்டுத்தான் சாவார்.

இந்தத் துணிச்சல் எல்லாம் மேடையோடு சரி. குண்டு போடுகிற பொம்மரின் சத்தம் தூரத்தில் கேட்டாலே பங்கர்க் குழிக்குள் அவர்தான் முதல் ஆள். பேரிலேயே அடைக்கலம் இருக்கிறதே என்று ஊர் சிரித்தது. அவரும் கூடச் சிரித்தார். யாருக்குத்தான் உயிர் வெல்லமில்லை?

மண்ணெண்ணெய்த் தட்டுப்பாட்டால் போன வருடப் பெருநாள் கூத்தைப் பின்னேரமே போட்டார்கள். அவர் முழந்தாளிட்டுக் கழுத்தை நீட்ட, கொலைஞனாக வந்த மச்சான் சிமியோன் வெள்ளித்தாள் ஒட்டிய வாளை ஓங்க, பொம்மர் வந்துவிட்டது. சிமியோன் வாளைப் போட்டுவிட்டுப் பாய்ந்தான். ராசா உடுப்பைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடினார். சனம் முழுக்கப் பங்கருக்குள். குண்டு கடலில் விழுந்தது. சத்தம் அடங்கி வெளியே வந்தவர்கள் பார்த்தால், கூப்பிய கையோடு அடைக்கலநாதன் மட்டும் மேடையில் அப்படியே இருக்கிறார். பெண்கள் வாய்விட்டு அழுதார்கள்.

நடந்தது வேறொன்றுமில்லை, வலது முழங்கால் பிடித்துக்கொண்டது. "சிமியோன், என்னைத் தூக்கடா" என்று அவர் கத்தியது இரைச்சலில் ஒருவருக்கும் கேட்கவில்லை.

இதை அவர் ஒளிக்கவுமில்லை. "நான் எழும்பேலாமல் கிடந்தனான்" என்று கண்டவர்களுக்கெல்லாம் சொன்னார். "பாத்தியளே, என்ன தாழ்ச்சி" என்றார்கள். காய்ச்சல் பிள்ளைகளைக் கொண்டுவந்து நெற்றியில் சிலுவை போடச் சொன்னார்கள். கடைசியில் சுவாமியிடமே போய் முறையிட்டார். "உம்மடை முழங்காலை ஆண்டவர் பாவிச்சால் உமக்கென்ன நட்டம்?" என்று சுவாமி அனுப்பிவிட்டார்.

நட்டம் இருந்தது. வேதசாட்சி முதல் ஆளாகப் பங்கருக்குள் பாய முடியுமா? இப்போது பொம்மர் வரும்போது சனம் வானத்தைப் பார்ப்பதற்கு முன் அவர் முகத்தைப் பார்க்கிறது. அதைப் பார்த்துப் பிள்ளைகள்கூட அழாமல் வரிசையாக இறங்குகிறார்கள். பாவம் மனிதர், பயம் ஒரு குன்றிமணி அளவும் குறையவில்லை. "செத்தாப்பிறகு உங்கடை பேரை வைச்சுக் கஞ்சி காய்ச்சேலுமே? முதல் உள்ளுக்கை வாங்கோ" என்கிறார் மக்டலீன். "சனம் பாக்குதப்பா" என்பதுதான் அவருடைய ஒரே பதில்.

போன செவ்வாயும் பொம்மர் வந்தது. பங்கர் வாசலில் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு நின்று, ஒவ்வொரு தலையாகக் குனியவைத்து உள்ளே அனுப்பினார். "ஆறுதலாப் போங்கோ, எனக்கு அவசரமில்லை." எல்லாரும் இறங்கியாயிற்று. ஒழுங்கை முனையில் சிசிலியா ஆச்சி மட்டும் பொல்லை ஊன்றி ஊன்றி வந்துகொண்டிருந்தார். பொம்மர் தலைக்கு மேலே தாழப் பதிந்தது. அடைக்கலநாதன் ஆச்சியை நோக்கிக் கையை நீட்டியபடி நின்றார். கை ஆடவில்லை. உள்ளே இருந்தவர்களின் கண்ணுக்கு நேரே இருந்த முழங்கால்தான் வெடவெடவென்று ஆடியது. அப்போது பங்கருக்குள்ளிருந்து சுறா எண்ணெய் மணக்கும் ஒரு கை நீண்டு, மடித்துக் கட்டியிருந்த சாரத்தை அவிழ்த்துக் கால் மறையத் தொங்கவிட்டது.