குஞ்சுப் பெட்டிக்குள் ஒரு பல்ப்

மருதமுனை ஸுஹைறாவுக்குக் கை சும்மா இருக்காது. வேகிற சோற்றை நாலு தரம் திறந்து பார்ப்பாள். கட்டி முடித்த மூட்டையை அவிழ்த்து மறுபடி கட்டுவாள். பெற்றோலும் கரண்டும் இல்லாமல் நாடே திண்டாடிய அந்த வருஷம், கணவன் முர்ஷிதின் ஆட்டோ முற்றத்தில் ஓடாமல் நின்றதைப் பார்க்கப் பொறுக்காமல்தான் கோழிக்குஞ்சு வளர்க்கத் தொடங்கினாள். முதலில் வாங்கிய குஞ்சுகள், கரண்ட் போன ஒரு மழை நாளில் குளிரில் விறைத்துச் செத்துப்போயின. அன்று அவள் அழுத அழுகை கொஞ்சநஞ்சமல்ல. இந்தத் தடவையும் பறிகொடுத்தால் இனிக் குஞ்சு பக்கமே தலைவைப்பதில்லை என்று முடிவு கட்டியிருந்தாள்.

மறுபடி மழை. அந்தி மஃரிப் தொழுகையோடு கரண்டும் போனது. முர்ஷித் ஆட்டோவின் பெற்றரியைக் கழற்றி, முன்விளக்கு பல்பைக் குஞ்சுகள் இருந்த மட்டைப் பெட்டிக்குள் தொங்கவிட்டான். அந்தச் சூட்டில்தான் அதுகளின் உயிர். ஒரு பெற்றரி கரண்ட் வரும்வரை தாங்காது என்று, பாண்டிருப்பில் ஆட்டோ ஓட்டும் அவன் கூட்டாளி வினோஜ் தன் பெற்றரியையும் பல்பையும் கொண்டுவந்தான்.

ஆண்கள் இருவரும் தேத்தண்ணிக் கோப்பையை எடுக்கத் திரும்பிய நேரம் போதும் அவளுக்கு. ரெண்டு பெற்றரி இருக்கிறது, வெளிச்சமும் ரெண்டு மடங்காய் இருக்கட்டுமே என்று, ஒன்றின் பிளஸை மற்றதன் மைனஸில் கொழுவி, மிச்ச ரெண்டு முனையிலும் பல்ப் வயரைக் கொடுத்தாள். பல்ப் பளீரென்று வெள்ளையாய் எரிந்து, பட்டென்று அணைந்தது. இருட்டில் குஞ்சுகள் கத்திக்கொண்டு ஒரு மூலைக்குள் நெரிபட்டன.

"என்ன வேல பாத்தாய் புள்ள!" முர்ஷித் தலையில் கை வைத்தான்.

வினோஜ் போன் வெளிச்சத்தைப் பிடித்துக்கொண்டு, மிச்சமிருந்த ஒரே பல்பை நீட்டினான். "பிளஸோட பிளஸ், மைனஸோட மைனஸக் குடுங்க ராத்தா. வெளிச்சம் ஒரு பெற்றரிக்குப் போலதான் இருக்கும். ஆனா ரெண்டு மடங்கு நேரம் எரியும்."

கொழுவினாள். பழைய மஞ்சள் வெளிச்சம்தான். அவளுக்கு அது போதவில்லை.

"மங்கலாக் கிடக்கே. கொஞ்ச நேரத்துக்கு மட்டும் மாத்திப் பாப்பமா?"

"இனி பல்ப் இல்ல. கையக் கட்டிக்கிட்டு இரி," என்றான் முர்ஷித்.

இருந்தாள், எழும்பினாள், மறுபடி இருந்தாள். விரல் வயர்வரைக்கும் போய்த் திரும்பியது. அல்லாஹ்வே, இந்த வெளிச்சம் போதுமா என்று பெட்டிக்குள் எட்டி எட்டிப் பார்த்தாள். குஞ்சுகள் ஒவ்வொன்றாய் மூலையை விட்டு வந்து, பல்பைச் சுற்றிப் பரவி, கழுத்தை நீட்டிப் படுத்தன. ஒன்றுகூடச் சாகவில்லை.

கரண்ட் வந்தபோது தெருவெல்லாம் பிள்ளைகள் கூவினார்கள். முர்ஷித் பெற்றரி வயரைக் கழற்றப் பெட்டிப் பக்கம் குனிந்தான். ஸுஹைறா அவன் கையைப் பிடித்தாள்.

"நல்லா உறங்குதுகள். ஒண்டும் செய்யாம சும்மா இரிங்க."