பின்கதவுப் பூட்டு

ஒரு குழந்தை இறந்ததற்கு நான் காரணம். பழியை முகம் தெரியாத வெளிநாட்டுக்காரர்கள் மீது போட்டேன்.

நான் ஒரு மிஷன் மருத்துவமனையின் தலைமை எழுத்தர். எழுபதுகளின் கடைசியில், ஒடுகத்தூர் மலையடிவார ஊர்களுக்குப் போய்வர வெளிநாட்டு மிஷன் சங்கத்திடமிருந்து ஒரு ஜீப் அன்பளிப்பாக வருவதாக இருந்தது. கூடுதலாக என்னென்ன பொருத்த வேண்டும் என்று ஆங்கிலத்தில் படிவம் அனுப்பியிருந்தார்கள். நிரப்பும் வேலை என்னுடையது. என் ஆங்கிலத்தின் மேல் எனக்கு அத்தனை கர்வம்!

ஓட்டுநர் தங்கராஜ் பட்டாளத்தில் வண்டி ஓட்டியவர். முன்பே சொல்லியிருந்தார்: “சார், பின்னாடி லாக்கு வெச்ச வண்டியா கேளுங்க. மலைப்பக்கம் அது இல்லன்னா பேஜார்.”

“இன்னாப்பா, திருட்டு பயமா?”

“ஆமா சார், சேறு சக்கரத்தைத் திருடிக்கினு போய்டும்!”

சிரித்தோம். கதவுப் பூட்டு என்றே நினைத்தேன்.

படிவத்தில் இரண்டு வரிகள் இருந்தன. பின்கதவு லாக். அதன் கீழே, பின் டிஃபரன்ஷியல் லாக். பேனா நின்றது... தங்கராஜ் எதிர் ஷெட்டில்தான் டீ குடித்துக்கொண்டிருந்தார். முதல் நாள் அவருடைய விடுப்புக் கடிதத்தின் எழுத்துப் பிழைகளை நர்சுகள் முன்னால் உரக்கப் படித்துச் சிரித்தவன் நான். அவரிடம் போய் ஓர் ஆங்கிலச் சொல்லுக்கு அர்த்தம் கேட்பதா?

முதல் வரிக்கு ‘வேண்டும்’. இரண்டாவதற்கு ‘வேண்டாம்’. அழகான கையெழுத்து... சீ!

ஜீப் வந்த பின் ஓர் ஐப்பசி மழை. பிரசவ வலியிலிருந்த பெண்ணை ஏற்றி வந்தோம். மலையடிவாரத்திலுள்ள எங்கள் கிளை மருந்தகத்தில் மருந்து இருப்பைச் சரிபார்க்கப் போன நானும் உடனிருந்தேன். ஓடைக்கரையில் வண்டி சிக்கியது. முன்சக்கரங்கள் வழுக்கின. இடது பின்சக்கரம் சேற்றில் வெறுமனே சுழன்றது. கெட்டித் தரையில் நின்ற வலது சக்கரம் அசையவே இல்லை.

“அந்த லாக்கு இருந்தா ரெண்டு சக்கரமும் சேந்து சுத்தும் சார், ஏறிடலாம்,” தங்கராஜுக்கு மூச்சு வாங்கியது. “கேட்டோமே... அவங்க அனுப்பலியா?”

“அனுப்பல.”

எத்தனை சுலபமாக வந்தது அந்தப் பொய்!

மாடு பிடித்து வந்து இழுக்க இரண்டு மணி நேரம் ஆயிற்று. குழந்தை வண்டியிலேயே பிறந்தது. அழவில்லை.

மருத்துவமனை வாசலில் பின்கதவைத் திறந்தவன் நான்தான். பூட்டு கச்சிதமாக வேலை செய்தது.

அன்றைய நாட்குறிப்பில் எழுதினேன்: ‘கனமழை. வாகனம் தாமதம்.’ ஓர் அடித்தல் இல்லை, திருத்தல் இல்லை. அதன் கீழே உண்மையைச் சொல்லும் ஒரு வரி சேர்க்க இன்றுவரை கை வரவில்லை. ஏன் என்று உங்களுக்குத் தெரியாதா?

போன வாரம், ஓய்வு பெறப்போகும் தங்கராஜ் தன் இடத்துக்கு வந்த புதிய ஓட்டுநரிடம் சொல்லிக்கொண்டிருந்தார்: “சார் பாவம், லாக்கு வேணும்னு எழுதித்தான் அனுப்பினாரு. வெள்ளைக்காரன்தான் ஏமாத்திட்டான்.”

என்னைப் பார்த்தார்கள். ஆமாம் என்று தலையாட்டினேன்.