விளாவிய தண்ணீர்

அந்த மழைக்கு தி.நகர் கொஞ்ச காலம் வேறு ஏதோ ஊராகிவிட்டது. ஜன்னலோரம் உட்கார்ந்தால் தெருவே மெல்ல நகர்ந்து போகும். ஒற்றைச் செருப்பு, பிளாஸ்டிக் குடம், யார் வீட்டுக் கோலமாவு டப்பாவோ. மடியில் என் மகள், நாலு வயசு. "நம்ம வீடும் போகுதாம்மா?" என்றாள். போகுது என்றேன். எனக்கும் அப்படித்தான் இருந்தது.

தண்ணீர் வடிந்து வெயில் வந்தது. வீட்டுக் குழாய்களுக்கெல்லாம் தண்ணீர் ஏறும் தரைத்தொட்டி, அந்த சம்ப்பின் மூடியைத் திறந்தோம். உள்ளே தண்ணீர் தெளிந்து கிடந்தது. அதில் மேகம் போனது. எவ்வளவு நேரம் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தேனோ தெரியாது. ஆனால் தெருச் சாக்கடை அந்த மூடிக்கு மேலேதான் ஓடியது, அதை மறக்க நான் என்ன பைத்தியமா? கேன் தண்ணீர் வரும்வரை, காய்ச்சாமல் ஒரு சொட்டு வாயில் படக்கூடாது என்று வீட்டில் சட்டம் போட்டேன். நான் சட்டம் போட்டால் என் கணவர் மறுபேச்சுப் பேசமாட்டார். பாவம், பழகிவிட்டார்.

அப்படியும் மகளுக்கு வயிற்றால் போக ஆரம்பித்தது. டாக்டர் உப்பு சர்க்கரைப் பொடி கொடுத்தார். காய்ச்சி ஆறிய தண்ணீரில் கலக்கிக் கொடுங்கள், சாயங்காலத்துக்குள் நிற்கவில்லையென்றால் ஆஸ்பத்திரியில் சேர்த்துவிடுங்கள் என்றார். குழந்தை கண் உள்ளே போய், கீரைத்தண்டாகத் துவண்டு கிடந்தாள். கொடுக்கக் கொடுக்கப் போய்க்கொண்டே இருக்கிறதே, எங்கிருந்துதான் வருகிறது இது?

மத்தியானம் அடுப்படிக்குப் போனேன். கணவர் பொடி கலக்கிக்கொண்டிருந்தார். அப்போதுதான் காய்ச்சிய தண்ணீர், ஆவி பறந்தது. டம்ளரைக் குழாயடியில் நீட்டி, குளிக்க விளாவுவதுபோல் கொஞ்சம் பச்சைத்தண்ணீர் பிடித்தார். டம்ளரைக் கன்னத்தில் வைத்துச் சூடு பார்த்துக்கொண்டார்.

"என்ன பண்றீங்க?"

"சுடுதே, எப்படிக் குடிப்பா? எப்பவும் விளாவித்தானே குடுக்கறேன்."

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. வாயைத் திறப்பதற்குள் அவருக்கே புரிந்துவிட்டது. டம்ளரோடு அப்படியே தரையில் உட்கார்ந்தார். "இத்தனை நாளும் நான்தானே குடுத்தேன்" என்றார்.

திட்ட மனசு வரவில்லை. வேறு தண்ணீர் கொதிக்கவைத்து, தட்டில் மாற்றி மாற்றி ஊற்றி ஆற்றினேன். பொடி கலக்கி எடுத்துப்போனால் மகள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"அப்பா குடுத்தாதான் குடிப்பேன்."

அவர் கதவருகிலேயே நின்றார். நான்தான் டம்ளரை அவர் கையில் வைத்தேன்.