சூடேறாத டிரையர்

துணி காயவில்லை என்பதற்காக ஒரு பெண்ணைப் புருஷன் வீட்டுக்கு அனுப்பிவைத்த குடும்பம் எங்களுடையது. வெளியில் யாரும் இப்படிச் சொல்ல மாட்டார்கள். அவளாகத்தான் மனசு மாறிப் போனாள் என்பார்கள். எனக்கு அப்போது ஒன்பது வயது. நானும் வெகுகாலம் அப்படியே சொல்லிக்கொண்டிருந்தேன்.

அத்தை என் அப்பாவின் தங்கை. சாத்தான்குளத்தில் கட்டிக்கொடுத்த ஆறாவது வருஷம் ஒற்றைப் பையோடு பாளையங்கோட்டைக்குத் திரும்பி வந்தாள். இடது காது அவளுக்குச் சரியாகக் கேட்காது. ஏன் என்று நான் கேட்கும்போதெல்லாம் அம்மாவுக்கு அடுப்படியில் ஏதாவது வேலை வந்துவிடும். வந்தவள் மூலையில் உட்காரவில்லை. நர்சிங் ஹோம்களுக்கும் கல்யாண மண்டபங்களுக்கும் விரிப்பு துவைத்துக் கொடுக்கிற கடை வைக்கலாம் என்றாள். கடை அப்பாவின் அண்ணனான பெரியப்பா பெயரில், லைசென்ஸ் பெரியப்பா பெயரில், பாடு மட்டும் அத்தைக்கு. மூடிப்போன ஒரு லாட்ஜிலிருந்து துவைக்கிற மெஷினும் கேஸில் ஓடுகிற டிரையரும் வந்து இறங்கின. டிரையர் பீரோ உயரம் இருக்கும். வட்டக் கண்ணாடிக் கதவைச் சாத்திப் பொத்தானை அமுக்கினால் அடியில் ‘டப்’பென்று தீ பிடிக்கும். முக்கால் மணி நேரத்தில் விரிப்புகள் அப்பளம் மாதிரி மொறுமொறுவென்று வெளியே வரும்.

ஒரு வருஷத்துக்குள் அத்தை இரண்டு பெண்களை வேலைக்கு வைத்தாள். அடுத்ததாக, கடைக்கு மேலே காலியாகக் கிடந்த அறையில் தனியாகக் குடியிருக்கப் போவதாகச் சொன்னாள். பெரியப்பாவுக்கு அதுதான் தொண்டையில் சிக்கிக்கொண்டது. புருஷனை விட்டுவிட்டு வந்தவள் அண்ணன் வீட்டில் முடங்கிக் கிடந்தால் ஊர் பரிதாபப்படும், தனியாகச் சமைத்துச் சாப்பிட்டால் ஊர் பேசும் என்பது அவர் கணக்கு. ஊருக்கு அவ்வளவு நேரம் இருந்ததா என்பது எனக்குத் தெரியாது.

அந்த வருஷம் ஆயுத பூஜையைப் பெரியப்பா முன்னின்று நடத்தினார். மெஷின்களுக்குப் பட்டை பட்டையாகத் திருநீறு பூசி, மாலை போட்டார். அத்தை சந்தனக் கிண்ணத்தை எடுத்ததும், “நீ வைக்காண்டாம். பிள்ள வைக்கட்டும்” என்று வாங்கி என்னிடம் கொடுத்தார். அத்தை கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு தள்ளி நின்றாள். பெரியப்பா டிரையரின் அடித்தகட்டைக் கழற்றி, “தீ இருக்க இடத்துக்குப் பொட்டு வைக்காம இருக்கலாமாளா? உன் கைதான் சின்னக் கை, உள்ள விடு” என்றார்.

முழங்கை வரை உள்ளே விட்டேன். தீ வருகிற குழாய்க்கு முன்னால், வெள்ளைப் பீங்கானிலிருந்து ஒரு மெல்லிய கம்பி நீட்டிக்கொண்டிருந்தது. அதற்குத்தான் என் பக்தி முழுவதும் போயிற்று. நுனியிலிருந்து அடிவரை சந்தனத்தை அப்பி, மேலே குங்குமமும் வைத்தேன். பெரியப்பா குனிந்து பார்த்து என் கன்னத்தைத் தட்டினார். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

மறுநாள் விஜயதசமி. அத்தை பொத்தானை அமுக்கினாள். ‘டப்’பென்று தீ பிடித்தது. பத்து எண்ணுவதற்குள் அணைந்தது. கொஞ்ச நேரம் கழித்து மறுபடி பிடித்தது, மறுபடி அணைந்தது. இரண்டு மணி நேரம் ஓடியும் விரிப்புகள் வெதுவெதுவென்று ஈரமாகவே கிடந்தன.

அதற்குப் பிறகு அத்தை பட்ட பாட்டைப் பக்கத்திலிருந்து பார்த்தேன். பஞ்சு அடைத்திருக்கும் என்று வலையைக் கழற்றி அலசினாள். புகைக்குழாயை அவிழ்த்து உள்ளே துணி சுற்றிய கம்பை விட்டுத் துடைத்தாள். சிலிண்டரை மாற்றினாள், ரெகுலேட்டரை மாற்றினாள், குழாய் முழுக்கச் சோப்பு நுரை தடவிக் கசிவு பார்த்தாள். எல்லாம் சரியாக இருந்தது. தரையில் உட்கார்ந்து, கேட்கிற காதை மெஷினின் அடிப்பக்கம் சாய்த்து விரல்விட்டு எண்ணுவாள். “தீ பிடிக்கத்தான் செய்யுது அண்ணாச்சி, நிக்க மாட்டேங்கு. உள்ள ஏதோ ஒண்ணுதான் அதை நிறுத்துது. கோயம்புத்தூர் மெக்கானிக்கக் கூப்பிடுங்க” என்று பெரியப்பாவிடம் தினமும் கெஞ்சினாள். படிக்காத அத்தை காரணத்துக்கு அவ்வளவு பக்கத்தில் போய் நின்றிருந்தாள் என்பதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் வயிறு எரிகிறது.

பெரியப்பா கூப்பிடவில்லை. ஐப்பசி மழை வேறு பிடித்துக்கொண்டது. கொடியிலும் காயவில்லை, மெஷினிலும் காயவில்லை. வாடை அடிக்கிறது என்று நர்சிங் ஹோமிலிருந்து மூட்டையோடு திருப்பி அனுப்பினார்கள். அன்று சாயங்காலம் பெரியப்பா எங்கள் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து, அத்தை காதில் விழும்படியே அப்பாவிடம் சொன்னார். “வாழ்க்கையை உதறிட்டு வந்தவ கைபட்டு எது விளங்கும்? பூஜை போட்டு மறுநாள் அவ தொட்டா பாரு, அன்னையிலேர்ந்துதானே இந்தக் கோளாறு?”

நாள் கணக்கில் பெரியப்பா தப்பே செய்யவில்லை. கோளாறு அன்றைக்குத்தான் தொடங்கியது.

அப்பா பள்ளிக்கூடத்தில் ஐம்பது பிள்ளைகளை அதட்டுகிற வாத்தியார். அண்ணன் முன்னால் மட்டும் அவருக்கு வாய் எழும்பாது. செய்தித்தாளை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார். அத்தை அவரைப் பார்த்துவிட்டு உள்ளே போனாள். சண்டை போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஆனால் அந்த வாரத்திலேயே அத்தைக்கும் தன் மேல் சந்தேகம் வந்துவிட்டது. காலையில் பொத்தானைத் தான் அமுக்காமல், வேலைக்கு வந்த பெண்ணை அமுக்கச் சொல்லிவிட்டு வாசலில் போய் நின்றாள். அப்போதும் சூடேறவில்லை. ஒருதடவை கைபட்டு வந்த தோஷம் ஆளை மாற்றினால் போய்விடுமா என்றார் பெரியப்பா.

தீபாவளிக்கு நான்கு நாள் இருக்கும்போது சாத்தான்குளத்து மாமா கார் கொண்டுவந்தார். பெரியப்பா சொல்லி அனுப்பித்தான் வந்தார். அம்மா புதுச் சேலை வைத்துக் கொடுத்தாள். அத்தை என் தலையைத் தடவிவிட்டுக் காரில் ஏறினாள், அழவில்லை. அதனால் அவள் சந்தோஷமாகப் போகிறாள் என்று நினைத்துக் கையை ஆட்டினேன்.

மறுநாள் காலையிலேயே பெரியப்பா கோயம்புத்தூருக்குப் போன் போட்டார். கடையை இனிமேல் அவர் மகன் பார்த்துக்கொள்வதாக ஏற்பாடு. மகனுக்குத் தோஷமுள்ள மெஷினைக் கொடுக்க முடியாதல்லவா?

மெக்கானிக் வந்தபோது பெரியப்பா, அப்பா, நான் மூவரும் அங்கே இருந்தோம். அவர் அடித்தகட்டைக் கழற்றி டார்ச் அடித்துப் பார்த்தார். ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை. அந்தக் கம்பியைக் கழற்றி வெளியே எடுத்தார். அதன்மேல் சந்தனம் கருகி, மண் ஓடு போல் இறுகியிருந்தது.

“ஏனுங்க, இதுக்குப் போய் யாருங்க சந்தனம் பூசுனது?” என்று சிரித்தார். “உள்ள தீ எரியுதான்னு பாக்கறதே இந்தக் கம்பிதானுங்க. இதுமேல ஏதாச்சும் படிஞ்சா தீயே இல்லைன்னு நினைச்சு கேஸை நிறுத்திப்போடும்.”

உப்புத்தாளால் நாலு தேய்ப்புத் தேய்த்துத் திரும்ப மாட்டினார். தீ பிடித்தது, நின்று எரிந்தது. கண்ணாடிக் கதவில் கை வைக்க முடியாத சூடு.

எனக்கு அழுகை வந்துவிட்டது. அப்பா தெருப்பக்கம் திரும்பிக்கொண்டார். பெரியப்பா மட்டும் என் பக்கத்தில் குந்தி, துண்டால் என் கண்ணைத் துடைத்துவிட்டார். “அழாதளா. நீ பூசுனேன்னு யார்ட்டயும் சொல்லப்பிடாது, என்னா? தெரிஞ்சா எல்லாரும் உன்னத்தான் ஏசுவாக. கேட்டா, தானாச் சரியாப் போச்சுன்னு சொல்லு” என்றார். பெரியப்பா எவ்வளவு நல்லவர் என்று நினைத்தேன். என்னைக் காப்பாற்றத்தான் இந்தப் பெரிய மனுஷர் பொய் சொல்கிறார் என்று முழுமனதாக நம்பினேன்.

கார்த்திகை மாதம் ஒருநாள் மத்தியானம் வீட்டுக்குப் போன் வந்தது. அம்மா மாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தாள். நான்தான் எடுத்தேன். அத்தை. மெதுவாகப் பேசினாள், பக்கத்தில் யாரோ தூங்குவதுபோல. பள்ளிக்கூடம், சாப்பாடு என்று இரண்டு வார்த்தை கேட்டுவிட்டு, “மெஷின் எப்படி இருக்குளா?” என்றாள்.

“நல்லா ஓடுது அத்த. ரொம்பச் சூடாகுது.”

“மெக்கானிக் வந்தானா? என்ன கோளாறாம்?”

பெரியப்பா சொல்லிக்கொடுத்தது எனக்கு ஞாபகம் வந்தது. “யாரும் வரல அத்த. நீங்க போன பெறகு தானாச் சரியாப் போச்சு” என்றேன்.

போன் கட்டாகிவிட்டதோ என்று இரண்டு தடவை கூப்பிட்டேன்.

“அப்ப சரிதான்ளா” என்றாள் அத்தை. “பெரியப்பா சொன்னது சரிதான்.”

அதன்பிறகு அவள் கடையைப் பற்றி யாரிடமும் கேட்கவில்லை. திரும்பி வரவும் இல்லை. நான் அன்று போனை வைத்துவிட்டு, அத்தைக்கு நல்ல சேதி சொன்ன சந்தோஷத்தில் விளையாடப் போனேன்.