ராத்தாவின் வீட்டை நான் வாடகைக்கு விட்ட கதை

"அவங்க வீட்ட விட்டு எழும்புறத்துக்குள்ள என்ட கலியாணம் வந்துட்டா, மாப்பிள்ளைய எங்கடா தம்பி வெக்கிற?"

இப்படிக் கேட்டது என் அக்கா ஸல்ஹா ராத்தா. தையல் மெஷினுக்கு எண்ணெய் விட்டபடி அமைதியாகத்தான் கேட்டாள். கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன்.

எழுபத்தொன்பதாம் ஆண்டு அது. உயர்தரப் பரீட்சையில் நான்கு பாடங்களில் மூன்றைக் கோட்டை விட்டிருந்தேன். சித்தியடைந்த ஒன்று வணிகம். ஆகவே எனக்கு வணிகம் தெரியும் என்று நம்பினேன்.

எங்கள் ஆட்களிடையே பெண்பிள்ளைக்கு வீடு கட்டிக் கொடுத்துத்தான் கலியாணம். மாப்பிள்ளை அந்த வீட்டுக்கு வந்து குடியிருப்பார். மூதூருக்குப் போய்வரும் லோஞ்சுப் படகில் வேலை பார்த்த என் வாப்பா, திருகோணமலையில் எங்கள் வீடு நிற்கும் வளவுக்குள்ளேயே ராத்தாவுக்கு ஒரு வீட்டை ஆறு வருடமாகக் கட்டிக்கொண்டிருந்தார். கூரை ஓடு முழுக்க ராத்தா சட்டை தைத்துச் சேர்த்த காசு. யன்னல்களுக்கு இன்னும் கதவு போடவில்லை.

அந்த நாட்களில் சீனன்குடாவில் கோதுமை மா ஆலை கட்டிக்கொண்டிருந்தார்கள். வேலைக்கு வந்தவர்கள் தங்க இடம் தேடி அலைந்தார்கள். இங்கே ஒரு முழு வீடு சும்மா கிடந்தது. நான் வாப்பாவிடம் அரை மணித்தியாலம் பிரசங்கம் செய்தேன்.

"ராத்தாக்குக் கலியாணம் பேசி வந்தா?" என்று கேட்டார்.

"ஒரு மாசத்துல எழுப்பிரலாம் வாப்பா. ஒப்பந்தம் எழுதுவன்."

வாப்பா உம்மாவைப் பார்த்தார். உம்மா ராத்தாவைப் பார்த்தாள். ராத்தா என்னைப் பார்த்து, "செய்யட்டும், சும்மா இருந்தா தெருவ அளப்பான்" என்றாள்.

அன்றே வேலியில் ஒரு பலகை தொங்கியது: "வீடு வாடகைக்கு. உரிமையாளருடன் பேசவும்." உரிமையாளர் நான்தான். எதிரே அரிசிக்கடை வைத்திருந்த ஜமால்தீன் காக்கா, நான் கூடையுடன் போகும்போதெல்லாம், "என்ன, உரிமையாளர் மீன் வாங்கப் போறாரோ?" என்று கேட்பார். அதற்கொரு வேலையாள் வைத்தால் நல்லதுதான் என்று நானும் யோசித்துப் பார்த்தேன்.

தனி ஆண்கள் ஐந்து பேரை, குடும்பம்தான் வேண்டும் என்று திருப்பி அனுப்பினேன். ஆறாவதாக, ஆலை வேலைக்கென்று ஈச்சிலம்பற்றிலிருந்து வந்த தச்சர் இராசையாவும் மனைவி கோணேஸ்வரியும் நின்றார்கள். நான் கொப்பியைத் திறந்து, எழுதி வைத்திருந்த ஏழு கேள்விகளையும் கேட்டேன். குடிப்பீர்களா? ஆடு வளர்ப்பீர்களா? ரேடியோவைச் சத்தமாக வைப்பீர்களா? இராசையா எல்லாவற்றுக்கும் "இல்லைத் தம்பி" என்றார். கோணேஸ்வரி பன்புல்லால் பின்னிய ஒரு பெரிய பையை வயிற்றோடு அணைத்தபடி நின்றாள். அந்தப் பை ஏன் கீழே இறங்கவில்லை என்பது என் கொப்பியில் இல்லை.

நல்ல மனிதர்கள். வந்த இரண்டாம் கிழமையே இராசையா யன்னல்களுக்குக் கதவு போட்டுவிட்டார். "காத்து வருகுது தம்பி" என்றதோடு சரி. நான் அதை என் நிர்வாகத் திறமை என்று எடுத்துக்கொண்டேன்.

மூன்று மாதம் போகவில்லை, கிண்ணியாவிலிருந்து சம்பந்தம் வந்தது. மாப்பிள்ளை லாபிர், கூட்டுறவுச் சங்கத்தில் கணக்கெழுதும் லிகிதர். அவருடைய உம்மா வந்து வீட்டைச் சுற்றிப் பார்த்தார். யன்னல் கதவுகளைத் திறந்து மூடிப் பார்த்தார். ஹஜ்ஜுப் பெருநாள் கழிந்து இரண்டாம் வெள்ளி நிக்காஹ் என்று முடிவானது. நாற்பது நாள் இருந்தது.

ஒப்பந்தத்தை எடுத்துக்கொண்டு குடியிருப்பவர்களிடம் போனேன். கோணேஸ்வரி வாசலுக்கு வந்தாள். கையில் பை இல்லை. அப்போதுதான் பார்த்தேன்.

"ஏழாம் மாசம் தம்பி" என்றார் பின்னால் வந்த இராசையா. "ஏழு தொடங்கினா எங்கட வீட்டு ஆக்கள் வீடு மாறமாட்டினம். பிள்ளை பிறந்து முப்பத்தொண்டாம் நாள் துடக்கு கழியட்டும். நீங்கள் கேக்காமலே எழும்புவன்."

"ஒரு மாசத்துல எழும்புறதா நீங்கள் கையெழுத்து வச்சிருக்கிறீங்கள்."

"ஓம், நான் வச்சனான். பிள்ளை வைக்கேல்லையே."

கோர்ட்டில் வழக்குப் பேசும் பிரக்கிராசியாரின் லிகிதரிடம் ஓடினேன். அவர் ஒப்பந்தத்தை வாசித்துவிட்டு, பக்கத்து மேசைக்காரருக்கும் வாசிக்கக் கொடுத்தார். இரண்டு பேரும் சிரித்தார்கள். "தம்பி, வாடகைச் சட்டம் வந்து ஏழு வருசமாச்சு. அந்த மனுசிக்கு வயிறு இல்லாட்டியும் இந்தக் கடதாசியால அவங்கள எழுப்ப ஏலாது."

இதற்குள் கதை கிண்ணியாவுக்குப் போய்விட்டது. வீடு காலியில்லை என்றால் நிக்காஹ்வைத் தள்ளிவைப்போம் என்று மாப்பிள்ளையின் உம்மா சொல்லியனுப்பினார். தள்ளிவைப்பது என்றால் என்னவென்று எங்களுக்குத் தெரியும். கட்டி முடித்த வீட்டோடு மாப்பிள்ளைக்குக் காத்திருந்த பெண்கள் கிண்ணியாவில் பலர் இருந்தார்கள். வாப்பா என்னோடு பேசுவதை நிறுத்தினார். அவருக்கும் சேர்த்து உம்மா பேசினாள். ராத்தா அந்தக் கேள்வியைக் கேட்டது அன்றுதான்.

மறுநாள் காலை அவள் அளவு நாடாவை எடுத்துக்கொண்டு கோணேஸ்வரியிடம் போனாள். சட்டையைத் தளர்த்தித் தைத்துக் கொடுக்கிறாளாம். வாடகைக்காரரோடு குழையக் கூடாது என்று எச்சரிக்க நானும் பின்னால் போனேன்.

"கோணேஸ் அக்கா, வளவு மாறினாத்தானே வீடு மாறினதாகும்?" என்று நாடாவைச் சுற்றியபடி ராத்தா கேட்டாள்.

"ஏன் புள்ள கேக்கிறாய்?"

"அதே கடப்பு, அதே கிணறு, அதே வேலி. வளவுக்குள்ளயே அங்கால தள்ளி இருந்தா?"

கோணேஸ்வரிக்குத் தெரியவில்லை. அவளுடைய தாய் வள்ளிநாயகியை வரவழைத்தார்கள். அந்த அம்மா வேலி வாசலான கடப்பைப் பார்த்தார், கிணற்றை எட்டிப் பார்த்தார், வேலியோரமாக ஒரு சுற்று நடந்தார். கடைசியில், "தெருப் படலையைத் தாண்டாட்டிக் குற்றமில்லை. ஆனா எங்க இருக்கிறது?" என்றார்.

ராத்தா விரலை நீட்டினாள். நான் திரும்பிப் பார்த்தேன். பின்னால் யாருமில்லை, என் அறைதான் இருந்தது. முற்றத்துப் பக்கம் தனி வாசல், என் கட்டில், மேசை, கதிரை.

"அது என்ட அறை!"

"உனக்கு எத்தின மாசம்?" என்று கேட்டாள் ராத்தா. வள்ளிநாயகி அம்மா சிரித்த சிரிப்பு அரிசிக்கடை வரை கேட்டது.

அரை மணித்தியாலத்தில் எல்லாம் முடிந்து அவர்கள் என் அறைக்கு மாறினார்கள். இராசையா வீடு முழுக்கச் சுண்ணாம்பு அடித்துக் கொடுத்தார். குறித்த வெள்ளியன்று நிக்காஹ் நடந்து லாபிர் மச்சான் ராத்தாவின் வீட்டுக்குள் நுழைந்தார். மழைக்காலம், வெளியே படுக்க முடியாது. நான் ஜமால்தீன் காக்காவின் கடையில் மூட்டைகளுக்கு நடுவே பாய் விரித்தேன். "உரிமையாளரிட்ட வாடகை எடுக்கிறல்ல" என்றார் அவர்.

கோணேஸ்வரிக்குப் பெண்குழந்தை பிறந்தது. முப்பத்தொரு நாள் கழிந்தும் அவர்களைப் போகவிடாதவள் ராத்தா. என் அறைக்கு வாடகை வாங்கிக்கொண்டிருந்தாள். ஆலை வேலை முடிந்து அவர்கள் ஊருக்குப் போன அன்று பாயைச் சுருட்டிக்கொண்டு ஓடினேன். ஒரு மருத்துவத் தாதியும் கணவரும் ஏற்கெனவே அறையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். ராத்தா அந்தப் பெண்ணைத் தனியே அழைத்து ஏதோ கேட்டாள். எட்டாவது கேள்வியாக நான் எழுதாமல் விட்டது அதுவாகத்தான் இருக்கும்.

இப்போது, மூன்று வருடத்துக்குப் பிறகு, வாடகைக் காசில் கிணற்றுக்கு அப்பால் இன்னும் இரண்டு அறை கட்டிவிட்டாள். கர்ப்பிணி வந்தாலும் இடம் கொடுக்கிறாள். பிள்ளை எப்போது பிறக்கும், எப்போது போவார்கள் என்பதை அவர்களோடு உட்கார்ந்து பேசிக்கொள்கிறாள், அவ்வளவுதான். தெருவில் அவளை வீட்டுக்காரி என்கிறார்கள். நான் அரிசிக்கடையில் சம்பளத்துக்கு நிற்கிறேன்.

இதை வாசிப்பவர்களிடம் ஒன்று கேட்கிறேன். அக்காவுக்குக் கட்டிய வீட்டைக் காட்டி வாப்பாவிடம் பிரசங்கம் செய்யும் பையன் உங்கள் பக்கத்திலும் இருப்பான். அவனுக்கு இந்தக் கதையைச் சொல்லுங்கள். அவன் கேட்கமாட்டான். ஆகையால் அவனுடைய அக்காவுக்கும் சொல்லிவிடுங்கள்.