பால்காரர் வீட்டு வைக்கோல்

பத்து வயதில் ஒரு பங்கு முழுவதையும் முழந்தாள்படியிட வைத்தவள் நான். எங்கள் மாதா கோயிலைச் சேர்ந்த அத்தனை குடும்பங்களும் அந்த வருஷம் மார்கழி மாதத்தில் திடீரென்று பக்திமான்களாகி, சாயங்காலச் செபமாலைக்கு இடம் பிடிக்க முந்திக்கொண்டு வந்தார்களே, அந்தப் புண்ணியம் என்னைச் சேரும். அதை நான் செபத்தால் சாதிக்கவில்லை. பால்காரர் வீட்டு வைக்கோலால் சாதித்தேன்.

அப்பா எங்கள் பங்குச் சாமியார் வீட்டுக் குசினியில் சமையல்காரர். சாமியார் வெள்ளைக்காரர். முப்பது வருஷமாகப் புதுச்சேரியில் இருந்து இருந்து, அவருடைய தாடிதான் வெளுத்ததே ஒழிய தோல் எங்கள் தோல் மாதிரி கறுக்கத் தொடங்கியிருந்தது. மிளகு ரசத்தை சூப் தட்டில் ஊற்றி, அதில் ரொட்டியைத் தோய்த்துச் சாப்பிடுவார். தமிழைப் புத்தகத்தில் படித்தவர், படித்தபடியே பேசுவார். "உருளைக்கிழங்கு இன்னும் வேகவில்லை என்று அறிகிறேன்" என்று அவர் சொல்லும்போது அப்பா சிரிப்பை அடக்கிக்கொண்டு அடுப்புப் பக்கம் திரும்பிக்கொள்வார். பள்ளிக்கூடம் விட்டதும் நான் நேரே குசினிக்குத்தான் போவேன். ரொட்டியின் முனைத்துண்டு எனக்கென்று இருக்கும். என்னை அவர் 'பெத்தீத்' என்பார். அவர் பாஷையில் சின்னவளே என்று அர்த்தம். பனிக்காலத்தில் அவருக்கு இழுப்பு வரும். கடற்கரைக் காற்றுத்தான் தன்னை உயிரோடு வைத்திருக்கிறது என்பார். எங்கள் கல்லறைத் தோட்டத்தில் ஒரு மூலையைத் தனக்கென்று பார்த்து வைத்திருந்தார். கல்யாண விருந்துக்கு அழைப்பு வந்தவர் மாதிரி அதைப் பற்றி அவ்வளவு சந்தோஷமாகப் பேசுவார்.

அந்த வருஷம் கார்த்திகையில் ஒரு நாள் அப்பா சோற்றைப் பிசைந்துகொண்டே அம்மாவிடம் சொன்னார்.

"பிரெஞ்சுக்காரங்க போயி மூணு வருசம் ஆயிடுச்சி. இனிமே வெள்ளைக்கார சாமியாருங்களையும் ஒவ்வொருத்தரா மாத்துவாங்களாம். கிறிஸ்மஸுக்கு மேற்றிராணியார் நம்ம கோயிலுக்கு வர்றாரு. வந்து பாத்துட்டுதான் முடிவு பண்ணுவாருன்னு பேசிக்கிறாங்க."

"இவர மாத்திட்டா?" என்றாள் அம்மா.

"மாத்திட்டா என்னா, போவ வேண்டியதுதான். இந்த இழுப்ப வெச்சிக்கிட்டு எங்க போயி இருப்பாரு மனுசன்" என்று சொல்லி அப்பா பாதிச் சோற்றில் கையைக் கழுவினார். அப்பா சோற்றை மிச்சம் வைத்து நான் பார்த்தது அன்றுதான்.

எங்கள் பங்குக்கு ஊரில் 'கெட்டிப் பங்கு' என்று பெயர். விசுவாசத்தில் கெட்டி. ஆனால் அந்த வருஷம் அந்தப் பெயர் கொஞ்சம் ஆட்டம் கண்டிருந்தது. மாதா திருநாளில் சுரூபத்தை யார் தோளில் தூக்குவது என்று இரண்டு குடும்பங்கள் மோதிக்கொண்டு, போலீஸ் வந்து விலக்கிவிடும்படி ஆயிற்று. சாயங்காலச் செபத்துக்குக் கிழவிகள் நாலு பேர் வந்தார்கள். வாலிபர்கள் கொட்டகையில் படம் பார்த்தார்கள். இதெல்லாம் பிஷப்பான மேற்றிராணியார் காதுக்குப் போயிருக்கும் என்று பெரியவர்கள் பயந்தார்கள்.

ஆகவே கன்னியர் மடத்து மதர் பிள்ளைகளைக் கூட்டி வைத்து ஓர் ஏற்பாடு சொன்னார். கோயிலில் குடில் கட்டி, சேசு பாலன் பிறக்கப்போகும் தீவனத் தொட்டியை வெறுமையாக வைப்பார்கள். பங்கின் நல்ல பெயருக்காகச் செபமாலை சொல்லும் பிள்ளை, ஒவ்வொரு செபமாலைக்கும் ஒரு வைக்கோலை அதில் போட வேண்டும். பக்கத்தில் ஒரு கூடையில், ஒரு சாண் அளவுக்கு மதரே கத்தரித்துப் போட்ட வைக்கோல் இருக்கும்.

"நீங்க செபம் பண்ணலன்னா பாலன் வெறும் பலகையிலதான் படுக்கணும்" என்றார் மதர். "நம்ம பங்கு விசுவாசமான பங்குன்னு மேற்றிராணியார் கண்ணால பாக்கணும்."

எனக்குக் கணக்கு சட்டென்று புரிந்துவிட்டது. அதற்கு முந்திய வருஷம்தான் எங்கள் பள்ளிக்கூடத்துக்கு இன்ஸ்பெக்டர் வந்தார். மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் வாய்ப்பாடு கேட்டதற்குத் திருதிருவென்று விழித்தார்கள். அடுத்த மாதமே அவர்களுடைய டீச்சரை மாற்றிவிட்டார்கள். எங்கள் வகுப்பு ஒப்பித்தது. எங்கள் டீச்சர் இருந்தார். அப்படியென்றால் தொட்டி நிறைந்தால் சாமியார் இருப்பார். இதில் சந்தேகப்பட என்ன இருக்கிறது?

முதல் வாரம் யோக்கியமாகத்தான் தொடங்கினேன். ஒரு செபமாலைக்கு ஐம்பத்து மூன்று பிரியதத்த மந்திரம். கோயில் தரை கருங்கல். முட்டியில் கல்லின் அச்சு விழுந்ததுதான் மிச்சம். ஆறு நாளில் ஐந்து வைக்கோல். மற்றப் பிள்ளைகள் போட்டதையும் சேர்த்தால் தொட்டியின் அடிப்பலகைகூட மறையவில்லை. எட்டிப் பார்த்துவிட்டு விரல்விட்டுக் கணக்குப் போட்டேன். இந்த வேகத்தில் போனால் சாமியார் பொங்கலுக்கு இங்கே இருக்க மாட்டார்.

பால்காரர் வீடு எங்கள் தெருக்கோடியில் இருந்தது. ஆடி மாதத்தில் வீராம்பட்டினத்து அம்மனுக்கு மொட்டை போட்டுக்கொண்டு வருகிறவர் அவர். நான் மாட்டுக் கொட்டகையில் குனிந்து பாவாடை மடியில் வைக்கோலைத் திணிக்கும்போது பின்னால் வந்து நின்றார்.

"என்னா பொண்ணே, வூட்டுல மாடு வாங்கிட்டீங்களா?"

"இல்லீங்க. சேசு பாலனுக்கு."

"சாமிக்கா? அப்ப நல்லதா எடுத்துக்க. இது மாடு மிதிச்சது" என்று சொல்லி, மேலே இருந்த போரிலிருந்து அவரே ஒரு கட்டு உருவிக் கொடுத்தார்.

மத்தியானச் சாப்பாட்டு மணியில் கோயிலில் ஆள் இருக்காது. குடிலுக்குப் பின்னால் உட்கார்ந்து சாண் சாணாக முறித்துப் போட்டுவிட்டு வந்துவிடுவேன். மதர் நறுக்கியதற்கு இருபுறமும் சுத்தமான வெட்டு இருக்கும். நான் முறித்தது நார் நாராக இருக்கும். மேலாக மதருடைய வைக்கோலை நாலு தூவி மூடிவிடுவேன். கிறிஸ்மஸ் வரைக்கும் தினமும் இதே வேலை. செபமாலையைச் சுத்தமாக விட்டுவிட்டேன். வைக்கோல் சுமக்கவே நேரம் போதவில்லை.

அதற்குப் பிறகு நடந்ததுதான் வேடிக்கை. தொட்டி நிறைய நிறையப் பெரியவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். "சின்னப் புள்ளைங்க இம்மாஞ் செபம் பண்ணுதுங்க, நாம தடி மாதிரி ஒக்காந்துக்கினு இருக்கோம்" என்று ஒருவர் கோயில் வாசலில் சொன்னதை என் காதால் கேட்டேன். சாயங்காலச் செபமாலைக்குக் கூட்டம் கூடியது. சினிமாவுக்குப் போகிற வாலிபர்கள் தலையை வாரிக்கொண்டு கோயிலுக்கு வந்தார்கள். சுரூபம் தூக்கச் சண்டை போட்ட இரண்டு குடும்பத்துப் பெரியவர்களும் ஒரே பெஞ்சில் முழந்தாள்படியிட்டார்கள். பூசை முடிந்து வெளியே வரும்போது ஒருவருக்கொருவர் வழிவிட்டார்கள். அத்தனையும் நிஜம். அடியில் கிடந்த வைக்கோல் மட்டும்தான் பொய்.

கிறிஸ்மஸ் காலைப் பூசைக்கு மேற்றிராணியார் வந்தார். பாலன் வைக்கோலில் அமுங்கி, மூக்கும் இரண்டு கையும் மட்டும் வெளியே தெரியப் படுத்திருந்தார். மேற்றிராணியார் குடிலுக்கு முன் நெடுநேரம் நின்றார். மதர் பக்கத்தில் போய் விஷயத்தைச் சொன்னார். ஒரு வைக்கோலுக்கு ஒரு செபமாலை. மேற்றிராணியார் கண் கலங்கியதை முன்வரிசையில் இருந்து பார்த்தேன். எனக்கு ஆகாயத்தில் பறப்பது போல இருந்தது.

பிரசங்கத்தில் எங்களைத் தூக்கி வைத்துப் பேசினார். இப்படி ஒரு விசுவாசமுள்ள பங்கை இந்த மேற்றிராசனத்திலேயே பார்த்ததில்லை என்றார். எல்லாரும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டோம். பிறகு சாமியார் பக்கம் திரும்பி, தன் மனதிலிருந்த பெரிய பாரம் நீங்கியது என்றார். பலமாக நிற்கிற பங்குக்கு அனுபவமுள்ள மேய்ப்பர் தேவையில்லை, பலவீனமாக இருக்கிற ஆடுகளுக்குத்தான் தேவை. ஆற்காட்டுப் பக்கம் மழையே காணாத ஓர் ஊரில் புதிதாக மனந்திரும்பியவர்கள் கேட்பாரற்று இருக்கிறார்கள். நம் சாமியாரை நம்பி அவர்களை ஒப்படைக்கிறேன். இங்கே ஓர் இளம் குரு வருவார் என்றார். சனங்கள் புகழ்ச்சியிலிருந்து இறங்கிவர ஒரு நிமிஷம் ஆயிற்று. அதற்குள் விசுவாசப் பிரமாணம் தொடங்கிவிட்டது.

சாமியார் தலையைக் குனிந்து ஏற்றுக்கொண்டார். அப்பா கடைசியில் தூணருகே நின்று துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். நான் செய்த காரியம் சாமியாரை எந்தக் கதிக்கு ஆளாக்கிவிட்டது என்று நினைத்தபோது, புதுப் பாவாடையெல்லாம் முள்ளாய்க் குத்தியது.

இதைத் திருத்த ஒரே வழிதான் எனக்குத் தெரிந்தது. உண்மையைச் சொல்லிவிட வேண்டும். அப்பாவிடம் சொன்னால் முதுகுத்தோல் மிஞ்சாது. மதரிடம் சொன்னால் அடுத்த நிமிஷமே அப்பாவுக்குத் தெரிந்துவிடும். சாமியாரிடம் சொல்லலாம். அதிலும் பாவமன்னிப்புக் கேட்கும் பாவசங்கீர்த்தனத்தில் சொன்னால் யார் சொன்னது என்று வெளியே வராது. அவர் மேற்றிராணியாருக்கு ஒரு வரி எழுதிப் போடுவார். 'வைக்கோல் பொய், பங்கு பலவீனமான பங்கு, நான் இருந்தாக வேண்டும்.' அவ்வளவுதான். என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

சனிக்கிழமை சாயங்காலம் போய் முழந்தாள்படியிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். பால்காரர், போர், மத்தியான மணி எல்லாம். மறைப்புக் கிராதிக்கு அந்தப் பக்கம் சாமியார் காதைச் சாய்த்தபடி இருந்தார். இழுப்பு மட்டும் கேட்டது.

"எத்தனை வைக்கோல் போட்டாய்?"

"தெரியாது சாமி. மடி மடியா."

இருமலா சிரிப்பா என்று தெரியாத ஒரு சத்தம் வந்தது. "ஒரு செபமாலை சொல். பங்குக்காக. உண்மையாகச் சொல்" என்று அபராதம் கொடுத்து ஆசீர்வதித்தார். துள்ளிக்கொண்டு வெளியே வந்தேன். அன்று அந்த ஐம்பத்து மூன்றையும் ஒன்றுகூட விடாமல் சொன்னேன்.

ஒரு வாரம் ஆயிற்று. ஒன்றும் நடக்கவில்லை. பெட்டியில் அவருடைய புத்தகங்களை அடுக்கத் தொடங்கிவிட்டார்கள். ஒரு நாள் மத்தியானம் அவர் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது பக்கத்தில் போய் நின்றேன். அப்பா இரண்டடி தள்ளி வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார்.

"சாமி, மேற்றிராணியாருக்குக் கடுதாசி போட்டுட்டீங்களா?"

"எந்த விஷயமாக?"

"அதான்... நான் சொன்னேன் இல்ல."

அவர் என்னைப் பார்த்தார். முகத்தில் ஒன்றுமே இல்லை. முதல்முறை பார்க்கிற பிள்ளையைப் பார்ப்பது போலப் பார்த்தார். பிறகு கரண்டியைத் தட்டில் வைத்தார்.

"உனக்கு என்னிடம் ஏதாவது சொல்ல இருக்கிறதா, பெத்தீத்?"

வெங்காயம் உரிக்கிற சத்தம் நின்றது. அப்பா திரும்பிப் பார்த்தார்.

"ஒண்ணுமில்ல" என்றேன்.

அவர் உடனே கரண்டியை எடுக்கவில்லை. ரசம் ஆறிப்போகும்வரை அப்படியே உட்கார்ந்திருந்தார். எனக்கோ கோபம் தலைக்கு ஏறியது. நடிக்கிறார்! நான் ஒன்றுவிடாமல் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு, ஒன்றும் தெரியாத மாதிரி நடிக்கிறார். எங்களை விட்டுப் போக அவருக்கே ஆசை, அதுதான் விஷயம் என்று முடிவு கட்டினேன். அதற்குப் பிறகு நான் குசினிக்குப் போகவில்லை. ரொட்டி முனையை அப்பா வீட்டுக்குக் கொண்டுவந்தார். அதையும் தொடவில்லை.

அவர் புறப்பட்ட அன்று பங்கே ரயிலடிக்குப் போயிற்று. மேளம், மாலை, அழுகை எல்லாம் இருந்ததாம். வயிற்றுவலி என்று சொல்லி நான் பாயில் படுத்துக்கொண்டேன். பெட்டியை ஏற்றிவிட்டு வந்த அப்பா வாசலிலேயே நின்று சொன்னார்:

"உன்னத்தான் ரெண்டு வாட்டி கேட்டாரு. வயித்துவலின்னு சொன்னேன். ஓமத்தண்ணி குடுன்னாரு."

நான் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தேன்.

அந்த வறண்ட ஊரின் புழுதி அவர் இழுப்புக்கு ஒத்துக்கொள்ளவில்லை. இரண்டாவது கோடையில் செய்தி வந்தது. அங்கேயே அடக்கம் பண்ணிவிட்டார்களாம். புதுக் குரு நல்லவர்தான். கூடவே சமையலுக்கு ஆள் கூட்டிவந்தார். அப்பா பள்ளிக்கூட போர்டிங்கில் அண்டா கிண்டப் போனார். எங்கள் பங்குக்குக் 'கெட்டிப் பங்கு' என்ற பெயர் முன்னைவிட உறுதியாக நிலைத்தது. மேற்றிராணியார் வாயாலேயே வந்த பெயரல்லவா.

பதினாறு வயதில் என்னையே புதுநன்மை வாங்கத் தயாராகும் சின்னப் பிள்ளைகளுக்கு ஞானோபதேசம் சொல்லிக்கொடுக்க உட்கார வைத்தார்கள். பாவசங்கீர்த்தன ரகசியம் பற்றிய பாடம் வந்தது. உயிரே போனாலும் குரு அதை வெளியிட மாட்டார் என்று ஒப்பித்தேன். என் எட்டு வயதில் இதே பாடத்தை ஒரு எழுத்துப் பிசகாமல் சொல்லிப் படம் பரிசு வாங்கியவள் நான். பல் விழுந்த ஒரு பெண் கையைத் தூக்கினாள்.

"அக்கா, மத்தவங்ககிட்ட சொல்லக்கூடாது, சரி. சொன்னவங்ககிட்டயே வெளிய வந்து அதப்பத்தி பேசலாமா?"

"கூடாது. தெரிஞ்ச மாதிரியே காட்டிக்கக்கூடாது. அவங்களா வந்து வெளியில மறுபடி சொன்னாத்தான் உண்டு" என்றேன்.

சொல்லி முடித்த பிறகுதான் நான் என்ன சொன்னேன் என்பது என் காதில் விழுந்தது. மேற்கொண்டு பாடம் நடத்த முடியாமல் பிள்ளைகளை அனுப்பிவிட்டேன்.

அவர் கடிதம் எழுதியிருந்தால் மேற்றிராணியார் மனதை மாற்றியிருப்பாரா என்று எனக்குத் தெரியாது. எல்லாம் வைக்கோலுக்கு முன்பே முடிவானதோ என்னவோ. அதைக் கேட்டுச் சொல்ல இப்போது யாரும் இல்லை. நான் ஒருத்திக்கு மட்டும்தான் அவருடைய வாயைத் திறந்துவிட முடியும் என்று இருந்தது. பாவசங்கீர்த்தனத்தில் சொல்லி நானேதான் அதைப் பூட்டினேன். பூட்டியவளிடமே அவர் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, ரசம் ஆறும்வரை காத்திருந்தார்.