பக்கத்துல நின்னு பேசுற புள்ள

எங்க தோட்டத்துல காலையில பனி எறங்கிருச்சுன்னா மிளகுக் கொடியும் தெரியாது, எதிர் லயத்து வீடுங்களும் தெரியாது. குரல் மட்டுந்தான் கேக்கும். குழாய்கிட்ட யாரோ சிரிப்பாங்க, யாரோ மாட்ட வைவாங்க, யாரோ எங்க வாசல்ல வந்து நின்னு, "புள்ள எந்திரிச்சிருச்சா? இன்னிக்கி எனக்குக் கிளினிக்கு"ன்னு கேப்பாங்க. அந்தப் புள்ள நான்தான். கேட்டும் கேக்காத மாதிரி போர்வைக்குள்ள சுருண்டு கெடப்பேன். கனவு எங்க முடியுது, அந்தக் குரல் எங்க தொடங்குதுன்னே தெரியாது. அந்தக் கொஞ்ச நேரம் எனக்கு அவ்வளவு புடிக்கும்.

மாத்தளை ஆஸ்பத்திரியில டாக்டர் சிங்களத்துல கேப்பாரு. எங்க பொம்பளைங்க நெறைய பேருக்கு வாயத் தொறக்கவே பயம். அதனால சிங்களம் தெரிஞ்ச பள்ளிக்கூடத்துப் புள்ள ஒண்ணக் கூட்டிட்டுப் போறது எங்க ஊரு வழக்கம். வலி அவங்களுக்கு, பேச்சு எனக்கு. முட்டி வலி, நெஞ்செரிச்சல், கண்ணுல பூ விழுந்தது எல்லாம் என் வாய் வழியாத்தான் டாக்டருக்குப் போகும். திரும்பி வர்றப்போ ஒரு வடை வாங்கித் தருவாங்க. அதத் தின்னுட்டு பஸ் கண்ணாடியில சாஞ்சுக்குவேன். கண்ணாடியில தெரியிற என் மூஞ்சி மேல கொக்கோ மரமெல்லாம் ஒவ்வொண்ணா ஓடும். பாதித் தூக்கத்துல நான் வெள்ளக் கோட்டுப் போட்டுகிட்டு எங்கயோ ஒரு நீளமான வராந்தாவுல நடந்துகிட்டே இருப்பேன். அது எந்த ஊருன்னு எனக்கே தெரியாது.

எங்கம்மாவுக்கும் நான்தான் வாய். அம்மா தோட்டத்துல தேயிலக் கொழுந்து எடுக்குறவ. சீனி வியாதியும் பிரஷரும் அவளுக்கு சேந்தே வந்துச்சு. அப்பா எனக்கு நெனவு தெரியிறதுக்கு முன்னாடியே போய்ட்டாரு, வீட்டுல நாங்க ரெண்டு பேர்தான். அம்மா ஞாயித்துக்கெழம சந்தையில சிங்களத்துல பேரம் பேசி மீன்காரனையே அழ வச்சிருவா. ஆனா கிளினிக் வாசல மிதிச்சா போதும், தோட்டத்துத் தொரைக்கு முன்னாடி நிக்கிற மாதிரி கையக் கட்டிகிட்டு, தலையக் குனிஞ்சுகிட்டு, என் தோளத் தொடுவா. நீ சொல்லுன்னு அர்த்தம். பயந்துதான் இப்படி நிக்கிறான்னு நெனச்சுக்குவேன்.

டாக்டராகணும்னு நெனச்சது ஒரு கோவத்துலதான். எனக்கு எப்பவுமே மூக்கு மேல கோவம். ஒரு தடவ பக்கத்து வீட்டு அக்கா கூடப் போயிருந்தேன். வழியெல்லாம் அடிவயித்த முந்தானையோட சேத்துப் புடிச்சுகிட்டே வந்தாங்க. டாக்டர் என்ன செய்யுதுன்னு கேட்டாரு. அக்கா என்னையப் பாத்தாங்க. என் வெள்ள யூனிபார்மையும் ரெட்டச் சடையையும் பாத்தாங்க. அப்புறம் எச்சி முழுங்கிட்டு, "தலவலின்னு சொல்லு புள்ள"ன்னாங்க. தலவலி மட்டுந்தானான்னு கேட்டேன். ஆமான்னு தலையாட்டுனாங்க. நானும் தலவலின்னு சொன்னேன், பெனடோல் மாத்திர குடுத்தாங்க, வந்துட்டோம். சின்னப் புள்ளகிட்ட எப்படிச் சொல்றதுன்னு அவங்களுக்கு வெக்கம். அன்னிக்கி பஸ்சுல எனக்குத் தூக்கமே வரல. இந்த அக்கா யாருகிட்டயும் வாய் வாடகைக்கு வாங்காம, கதவச் சாத்திட்டு, தன் பாஷையில தன் வலியச் சொல்லணும்னா அந்த நாற்காலியில நான் உக்காந்திருக்கணும். வேற வழியே இல்லன்னு தோணுச்சு. பின்னாடி அக்காவுக்குக் கண்டியில கர்ப்பப்பைய எடுத்தாங்க. நல்ல காலம், பொழச்சுகிட்டாங்க.

ஏலெவல் பரீட்ச ரிசல்ட் நல்லாத்தான் வந்துச்சு. ஆனா இங்க மருத்துவ பீடத்துக்கு ஒரு மயிரிழையில தவறிப்போச்சு. வெளிநாட்டுல மெடிசின் படிக்கிறதுக்கு ஒரு புலமைப்பரிசில் இருக்குன்னு கேள்விப்பட்டு விண்ணப்பம் போட்டேன். கொழும்புக்கு இன்டர்வியூவுக்கு வரச்சொல்லி போன் வந்துச்சு. அம்மா மறுநாளே வஹகோட்டை சர்ச்சுக்குப் போய் அந்தோனியாருக்கு மெழுகுவர்த்தி ஏத்திட்டு, வந்த கையோட வீட்டுச் சாமிக்கும் கற்பூரம் காட்டுனா. யாரையும் பகைச்சுக்கக் கூடாதுல்ல!

நேருக்கு நேரா உக்காந்து, கண்ணப் பாத்துப் பேசிப் பழகுங்கன்னு யூடியூப்புல சொன்னாங்க. எனக்கு அங்கதான் சிக்கல். பெரியவங்களப் பாத்தா எந்திரிச்சு நிக்கிறது எங்க ரத்தத்துலயே ஊறிப்போனது. எதுத்தாப்புல உக்கார ஆளு வேணுமே, அம்மாவக் கூப்புட்டேன். "அம்மா, நீதான் புரொபசரு. அந்தப் பிளாஸ்டிக் நாற்காலியில உக்காரு."

"அடி போடி, எனக்கு அப்படியெல்லாம் உக்கார வராது"ன்னு நுனியில ஒண்டிகிட்டு, தரையப் பாத்துகிட்டே, "ஏம்மா டாக்டராகப் போறீங்க?"ன்னு கெஞ்சுற மாதிரி கேட்டா. நான் விழுந்து விழுந்து சிரிச்சேன். ஆனா சாயங்காலம் சாயங்காலம் பழகப் பழக அவளுக்கு ருசி புடிச்சுருச்சு. மலையில கொழுந்து வேல முடிச்சு வந்து மூஞ்சி கழுவி, கண் கிளினிக்கில குடுத்த கண்ணாடிய மாட்டிகிட்டு, முதுக நேரா நிமித்தி, கைய மேச மேல வச்சு உக்காந்துக்குவா. வெளிய பனி எறங்கிட்டு இருக்கும். அந்த நேரத்துல பாத்தா அம்மா யாரோ ஒரு பெரிய ஆளு மாதிரி, நான் யாரோ ஒரு ஊருக்குப் போகக் காத்திருக்குறவ மாதிரி இருக்கும். அவ தமிழ்ல கேப்பா, நான் இங்கிலீஷ்ல சொல்லுவேன். ஒரு வார்த்தையும் அவளுக்குப் புரியாது. ஆனா நான் மக்களுக்குச் சேவை செய்யணும்னு மனப்பாடம் பண்ணத சொல்லி முடிச்சதும், கண்ணாடிக்கு மேலால ஒரு பார்வ பாத்துட்டு, "இது பொய். அடுத்தது"ன்னுருவா.

"உனக்கு எப்படித் தெரியும்?"

"உன்னையப் பெத்தவளுக்குத் தெரியாதாக்கும்!"

கடைசியில ஒரு நாளு எரிச்சல்ல அந்த அக்காவோட தலவலிக் கதைய இங்கிலீஷ்ல கொட்டுனேன். அம்மா கண்ணாடியக் கழட்டித் தொடச்சா. "இதச் சொல்லு"ன்னா.

அதெல்லாம் சரி. ஆனா எனக்கு உள்ளுக்குள்ள ஒரு முள்ளு. இடம் கெடச்சு நான் போய்ட்டா, அம்மாவுக்கு யாரு வாய்? இந்த அம்மா சீனி கூடி மயங்கி விழுந்தாக்கூட டாக்டருக்கு முன்னாடி கையக் கட்டிகிட்டுத்தானே நிப்பா. கெடைக்காமலே போகட்டும்னு சில நேரம் ஆசையா இருக்கும். அத நெனச்சுப் பயந்து, ஐயோ சாமி, கெடைக்கணும்னு உடனே மாத்தி வேண்டிக்குவேன்.

கொழும்புல அம்மாவ வெளிய உக்கார வச்சுட்டு உள்ள போனேன். குளுகுளு ரூமுல மூணு பேரு இருந்தாங்க. உக்காரச் சொன்னாங்க, உக்காந்தேன். ஏன் மருத்துவம்னு கேட்டாங்க, அக்கா கதையச் சொன்னேன். கண்ணப் பாத்தே சொன்னேன். முடியிற நேரத்துல நடுவுல இருந்தவரு, வீட்டாள்கிட்டயும் ஒரு வார்த்த பேசணும், கூப்புடுங்கன்னாரு. இது நாங்க பழகாதது. எனக்கு உயிரே போயிருச்சு. கதவத் தொறந்து அம்மா வந்ததும் என்னையறியாம எந்திரிச்சு, கையக் கட்டிகிட்டு நின்னேன்.

அம்மா நேரா வந்தா. நாற்காலிய இழுத்து நல்லா சாஞ்சு உக்காந்தா. கண்ணாடிய மாட்டுனா. கைய மேச மேல வச்சா. அப்பிடியே எங்க வீட்டுப் புரொபசரு! அவரு சிங்களத்துல கேட்டாரு: "ஒரே மக. இவ போய்ட்டா உங்களுக்கு நோய் நொடின்னு வந்தா யாரு பாப்பாங்க?" மொழிபெயர்க்க நான் வாயத் தொறந்தேன். அம்மா என் கையப் புடிச்சு அமுக்குனா.

"மட்ட கதா கரன்ன புளுவன், சேர்." எனக்குப் பேசத் தெரியும்னு சொன்னா. அப்புறம் அவ சீனி எவ்வளவு, எந்த மாத்திர, கிளினிக் எந்தக் கெழமன்னு சிங்களத்துல ஒண்ணொண்ணா சொன்னா. நான் வழக்கமா டாக்டர்கிட்ட சொல்ற அதே வார்த்தைங்க, அதே வரிசையில. நான் வாயப் பொளந்துகிட்டு நின்னேன்.

இடம் கெடச்ச சேதி பின்னாடிதான் வந்துச்சு. ஆனா எனக்கு எல்லாம் திரும்பி வர்ற பஸ்சுலயே முடிஞ்சு போச்சு. கடுகண்ணாவ மல ஏத்தத்துல மழ தூறிட்டு இருந்துச்சு. அம்மா ஜன்னலோரம் கண்ண மூடியிருந்தா. எனக்குப் பத்திகிட்டு வந்துச்சு.

"இவ்வளவு பேசத் தெரிஞ்சுகிட்டு, இத்தன வருஷமா எதுக்கும்மா ஸ்கூலுக்கு லீவு போட வச்சு என்னைய கிளினிக்குக்கு இழுத்துகிட்டு அலஞ்ச?"

அம்மா கண்ணத் தொறக்கல. கொஞ்சம் சிரிச்சா.

"டாக்டரு பக்கத்துல நீ நின்னு பேசுறதப் பாக்கத்தான்"னா.